குளத்து மீனுக்குத் தூண்டில்: கொழும்பிலிருந்து உலர்வலயக் குளங்களுக்குப் போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தைக் கடற்கரையிலோ முகத்துவாரத்திலோ தூண்டில் போட்டுப் பழகியவர்கள் பொலன்னறுவைப் பக்கம் முதல்தடவை ஒரு குளக்கட்டில் ஏறி நின்றால் திகைத்துப்போவார்கள். வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே தண்ணீர். எங்கே போடுவது என்ற கேள்விக்குப் பதில் கட்டுக்குக் கீழே இருக்கிற வயலில் கிடக்கிறது. இந்தக் குளங்கள் நெல்லுக்காகக் கட்டியவை. துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு) எப்போது திறக்கிறது, எப்போது பூட்டுகிறது, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையெல்லாம் பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்செய்கைப் பருவங்களும்தான் தீர்மானிக்கின்றன. அந்த நீர்மட்டத்தின் பின்னால் மீன் போகிறது. ஆகையால் முதலில் தண்ணீரைப் பார்ப்போம், தூண்டில் பெட்டியைப் பிறகு திறப்போம்.

நீர்மட்டமும் மாதமும்

ஒக்டோபர் நடுப்பகுதியில் இடிமழை தொடங்கும். வற்றிக் கிடந்த அலைகரையில் (கட்டுக்கு எதிரே உள்ள ஆழங்குறைந்த கரையில்) மாதக்கணக்காக வளர்ந்த புல்லின்மேல் தண்ணீர் ஏறும். புல்லோடு மண்புழுவும் பூச்சியும் மூழ்க, மீன் முழங்கால் ஆழம்வரை மேய வரும். இந்த நாட்களில் கட்டில் நின்று ஆழத்துக்கு எறிவது வீண்வேலை. எதிர்ப்பக்கம் அலைகரைக்குப் போய் 2 முதல் 3 அடி ஆழத்தில் மண்புழு போடுங்கள். சேறு கடுமையாக இருக்கும். பின்னேரம் இடியும் வரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

டிசம்பர், ஜனவரியில் குளம் நிரம்பி வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) பாயும். தண்ணீர் தேத்தண்ணி நிறம். மீன் குளம் முழுக்கப் பரந்துவிடும். இரை அதன் கண்ணில் படுவதே கஷ்டம். வானடியில் மீன் துள்ளுவதைப் பார்த்து ஆசைப்பட்டு நிறையப்பேர் போகிறார்கள். எங்கள் அபிப்பிராயம்: போகவேண்டாம். வான்கட்டில் ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தாலும் அடியில் பாசி. வழுக்கினால் கீழே பாறை.

தொடங்குகிறவர்களுக்கு மிக நல்ல காலம் பெப்ரவரியும் மார்ச்சும். கலங்கல் அடங்கிவிடும், வெட்டுக்கு முன் வயலுக்குத் தண்ணீர் விடுவது குறையும், நீர்மட்டம் பெரிதாக அசையாது. நேற்று மீன் நின்ற இடத்தில் இன்றும் நிற்கும்.

ஏப்ரல் மழைக்குப் பிறகு சிறுபோகத்துக்குத் துருசு திறப்பார்கள். குளத்துக்குள் மெல்லிய இழுவை உண்டாகும். பழைய ஆற்றுப் பள்ளம் ஓடும் வழியில், துருசிலிருந்து தள்ளி, மீன் வரிசைப்படும். துருசு வாய்க்கு 30 மீற்றருக்குள் நிற்கவேண்டாம். ஜூன் தொடங்கிச் செப்டெம்பர்வரை தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், மீன் கட்டுப்பக்கத்து ஆழத்தில் நெருக்கப்படும். இதே காலத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேலே மிதக்கும் பாசியையும் நுண்ணுயிரையும் அது கிழக்குக் கரைக்குத் தள்ள, திலாப்பியா பின்னால் போகும். பராக்கிரம சமுத்திரத்தின் நீண்ட கட்டு கிழக்குப் பக்கம் இருப்பதால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே கட்டடியிலேயே மீன் நிற்கும். காற்றுக்கு முகங்கொடுத்து எறிவது சிரமம். அதற்காகக் காற்று மறைப்பான கரைக்கு மாறினால் கை ஓய்வெடுக்கும், தூண்டிலும் ஓய்வெடுக்கும்.

போய்ச் சேர்ந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை: துருசடியில் அடிக்கணக்குப் போட்ட அளவுகோல் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் பின்னேரம் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, காலமை அதே குச்சியைப் பாருங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் கரையோரம், புல்லுப்பக்கம். ஒரு விரலுக்கு மேல் இறங்கியிருந்தால் ஆழம். அசையாவிட்டால் காற்று தள்ளும் கரை.

விடியற்காலம் எப்போதும் நல்லதா?

கடலில் பழகியவர்கள் விடியப்புறம் நான்கு மணிக்கே எழும்பி நிற்பார்கள். குளத்தில் இது பாதி உண்மை. தண்ணீர் பச்சையாக இருக்கும் குளங்களில் இரவு முழுக்கப் பாசியும் சுவாசிப்பதால் விடிவதற்குச் சற்று முன்தான் ஒட்சிசன் ஆகக் குறைந்திருக்கும். திலாப்பியா மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால் அது இரை தேடவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது. அப்போது என்ன போட்டாலும் தொடாது. வெயில் ஏறி, 8 மணிக்குப் பிறகு கொத்தத் தொடங்கும். தண்ணீர் தெளிவான குளத்தில் 6 முதல் 9 வரை நல்லது. பின்னேரம் 4 முதல் 5.30 வரை எல்லாக் குளத்திலும் நல்லது. விராலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், ஒட்சிசன் குறைந்த தண்ணீரிலும் வேட்டையாடும்.

எந்தக் குளம்

கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரெயில் பொலன்னறுவையில் நிற்கும், திருகோணமலை ரெயில் கந்தளாயில் நிற்கும். வாகனம் என்றால் இரண்டுக்கும் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழி. தமிழில் பேசிப் பழக வசதியான இடம் வேண்டுமென்றால் கந்தளாய், வவுனியாப் பக்கம் பாவற்குளம், கிளிநொச்சியில் இரணைமடு, முல்லைத்தீவில் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும், மன்னாரில் கட்டுக்கரைக்குளம், மட்டக்களப்பில் உன்னிச்சை என்று வரிசையே இருக்கிறது.

மின்னேரியா, கவுடுல்ல, உடவளவை, சேனநாயக்க சமுத்திரம் ஆகியவை தேசியப் பூங்காக்களோடு சேர்ந்தவை. அங்கே தூண்டிலோடு இறங்கவேண்டாம். கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, கலட்டுவாவ பக்கமும் நினைக்கவேண்டாம். விகாரைகளை ஒட்டிய பழைய குளங்களிலும், போயா நாளில் எந்த ஊர்க் குளத்திலும், சட்டம் என்ன சொன்னாலும் ஊர் மனம் புண்படும், விட்டுவிடுங்கள்.

பழகிப்பார்க்க மட்டும் கொழும்புக்கு அருகே பொல்கொட ஏரி போதும். பேரை வாவியில் பிடித்த மீனைச் சாப்பிடவேண்டாம்.

மலையகத்துக் காசல்ரீ, மவுஸ்ஸாகலை வேறு கதை. கரை செங்குத்து, இரண்டு எட்டு வைத்தாலே தலைக்குமேல் ஆழம், தண்ணீர் குளிர். இங்கே சொல்லும் மாதக்கணக்கு அங்கே செல்லாது.

சங்கமும் சட்டமும்

பெரிய குளங்கள் எல்லாவற்றிலும் மீனவர் சங்கம் உண்டு. அவர்கள் உத்தரவுப்பத்திரத்தோடு வலை போடுகிறவர்கள். குளத்தில் விடப்படும் குஞ்சுகளிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் குளங்களைக் காப்பாற்றியது யார் என்று பழைய ஆட்களுக்கு நன்றாக ஞாபகம். ஆகவே யாரிடமும் கேட்காமல் கட்டில் போய் நிற்பது மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை. முதல்நாள் சங்கத் தலைவரைக் கண்டு, பொழுதுபோக்குக்குத் தூண்டில் மட்டும் போடுகிறோம், விற்கமாட்டோம் என்று சொல்லுங்கள். அந்தக் குளத்தில் தூண்டிலுக்கும் அனுமதி தேவையா என்பதை அந்தப் பகுதி நெக்டா (தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்கவேண்டியது: நன்னீரில் வெடியும் நஞ்சும் குற்றம். செவுள்வலையின் கண் விரித்தால் 85 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) வலை தடை. அதே தங்கூசி தூண்டில் கயிறாக இருந்தால் தடையில்லை; ஆனாலும் பெரிய உருண்டையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் கேள்வி வரும், ரீலில் சுற்றி வையுங்கள்.

சங்கத்தாரிடம் இன்னொரு லாபம் இருக்கிறது. அவர்கள் பின்னேரம் வலை போட்டுக் காலமை 6 முதல் 8 மணிக்குள் கரைக்குக் கொண்டுவருவார்கள். இறங்குதுறையில் நின்று பாருங்கள். என்ன மீன், என்ன அளவு, வயிற்றில் சினை இருக்கிறதா எல்லாம் அங்கேயே தெரியும். ஒரு கிலோ மீன் விலைக்கு வாங்கிக்கொண்டு, "அண்ணே, எத்தனை பாகத்தில வலை போட்டனீங்கள்?" என்று கேளுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. அந்தப் பதிலைவிட நல்ல தகவலை எந்தக் கருவியும் தராது. பொலன்னறுவையில் சிங்களத்தில் கேட்கவேண்டியிருக்கும். உடைந்த சிங்களம் போதும்.

என்ன மீன்

பிடிபடுவதில் பெரும்பங்கு திலாப்பியா. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் கொண்டுவரப்பட்டது, நைல் திலாப்பியா 1970களில். குளத்திலேயே தானாகப் பெருகும். ஆண் மீன் ஆழங்குறைந்த மணலில் வட்டமான குழி தோண்டும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும், அந்த நாட்களில் இரையைத் தொடாது. குழிகள் தெரியும் கரையில் கொத்துகிறவை அநேகமாகக் காவல் ஆண்கள்.

ரோகு, கட்லா, மிருகால் என்ற கெண்டை இனங்கள் மூன்றும் ஓடும் ஆற்றில் முட்டையிடுகிற மீன்கள். தேங்கிய குளத்தில் பெருகாது. குஞ்சு விட்டால்தான் உண்டு. கடைசியாக எப்போது குஞ்சு விட்டார்கள் என்று சங்கத்தில் கேட்டுவிட்டுத்தான் அதற்கான தூண்டிலைக் கட்டுங்கள். விரால், வாளை, சுங்கான் நம்முடைய பழைய மீன்கள். சுங்கானின் பக்கமுள் குத்தினால் கை மணிக்கணக்காகக் கடுக்கும்; தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வைத்திருந்தால் நோவு குறையும். கையால் பிடிக்காமல் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். டேங்க் கிளீனர் என்று மீன்தொட்டிக்கு விற்ற மீன் இப்போது குளங்களில் வருகிறது. அதைத் திரும்பத் தண்ணீரில் விடவேண்டாம். ஒரு குளத்து மீனை உயிரோடு இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோவதும் கூடாது.

தூண்டில் கட்டும் விதம்

மூன்று கட்டு போதும். புறக்கோட்டையில் எல்லாம் கிடைக்கும். கடலுக்கு வாங்கிய தடித்த தடியையும் 0.50 தங்கூசியையும் கொண்டுபோகவேண்டாம். திலாப்பியா கொத்துவதே கைக்குத் தெரியாது.

*மிதவைக் கட்டு, திலாப்பியாவுக்கு.* 3.6 முதல் 4.5 மீற்றர் நீளமான, ரீல் இல்லாத மடிப்புத்தடி. தங்கூசி 0.20 அல்லது 0.22 மில்லிமீற்றர், தடியின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக. முள் 8 அல்லது 10ஆம் இலக்கம். இலக்கம் கூடக்கூட முள் சிறுக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். மெல்லிய குச்சி மிதவை. ஈயக்குண்டுகளில் பெரியவற்றை மிதவைக்குக் கீழே சேர்த்தும், மிகச் சிறிய ஒன்றை முள்ளுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில் தனியாகவும் கவ்வவைக்கவேண்டும். தண்ணீருக்கு மேலே மிதவையின் நுனி ஒரு சென்ரிமீற்றர் மட்டும் தெரியும்வரை ஈயம் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். மிதவை பாதி வெளியே நின்றால் மீன் அதை இழுக்கும்போது பாரம் உணர்ந்து துப்பிவிடும். நீங்கள் இரை தின்னப்பட்ட வெறும் முள்ளைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

*அடிக்கட்டு, கெண்டை இனங்களுக்கு.* 2.4 முதல் 2.7 மீற்றர் தடி, 3000 அல்லது 4000 அளவு ரீல், 0.30 தங்கூசி. 30 கிராம் துளை ஈயத்தை நூலில் ஓடவிட்டு, பிறகு ஒரு ஸ்விவல், அதிலிருந்து 40 சென்ரிமீற்றர் நூல், 4 அல்லது 6ஆம் இலக்க முள். ஈயம் ஓடவேண்டும் என்பதுதான் இதன் உயிர்: மீன் இழுத்தால் நூல் போகும், ஈயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும், பாரம் தெரியாது.

*தவளைக் கட்டு, விராலுக்கு.* 2.1 மீற்றர் வலுவான தடி, 15 முதல் 18 கிலோ தாங்கும் பின்னல் நூல், உள்ளே குழாயான ரப்பர் தவளை 10 முதல் 15 கிராம். தாமரைக்கொடிக்குள் தங்கூசி நீளும், மீன் வேரில் சுற்றிக்கொள்ளும். பின்னல் நூல் நீளாது. உயிர்த்தவளை போடவேண்டாம். இலங்கைத் தவளைகளில் பல வேறெங்கும் இல்லாதவை.

முடிச்சு: தங்கூசியை முள்ளின் கண்ணில் விட்டு, நூலோடு 6 சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்து வளையத்தில் விட்டு, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் விட்டு இழுங்கள். இழுக்கும்முன் எச்சிலால் நனைக்கவேண்டும். உலர்ந்து இறுகினால் உரசல் சூட்டில் தங்கூசி வலுவிழந்து, மீன் வரும்போது சரியாக முடிச்சடியில் அறும். பின்னல் நூலுக்கு இந்த முடிச்சு வழுக்கும். அதை 15 சென்ரிமீற்றருக்கு இரட்டையாக மடித்துக் கண்ணில் விட்டு, சாதாரண முடிச்சொன்று போட்டு, மடிப்பு வளையத்துக்குள் தவளையை முழுதாக நுழைத்து, நனைத்து இறுக்குங்கள்.

ரீலின் இறுக்கத்தை வைக்க ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். 4 கிலோ தாங்கும் நூலில் நிறைந்த போத்தலைத் தொங்கவிடுங்கள். அது மெதுவாக இறங்கவேண்டும். அசையாமல் தொங்கினால் இறுக்கம் கூடிவிட்டது, பெரிய மீனின் முதல் ஓட்டத்திலேயே நூல் போகும். வெயிலில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே கிடந்த தங்கூசியை நம்பவேண்டாம். ஒரு முழத்தை இரு கையாலும் இழுத்துப்பாருங்கள். சட்டென்று அறுந்தால் முழுவதையும் மாற்றுங்கள்.

இரை

மண்புழுவுக்கு மிஞ்சியது இல்லை. ஆனால் குளக்கட்டைக் கிண்டிப் புழு எடுக்கவேண்டாம். கட்டு முழுக்க மண். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த ஊரில் மண்வெட்டியோடு கட்டில் நிற்பவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். வாய்க்கால் ஓரம், மாட்டுப்பட்டிப் பக்கம் எடுங்கள். ஈரமான சணல் சாக்கில் நிழலில் வைத்தால் இரண்டு நாள் உயிரோடிருக்கும்.

மாவிரை: ஒரு இறாத்தல் பாணின் நடுச்சதையில் பாதி, கோதுமை மா 2 மேசைக்கரண்டி, பொடித்த தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையவேண்டும், ஊற்றக்கூடாது. விரலில் ஒட்டாமலும், முள்ளில் குத்தினால் வெடிக்காமலும் இருந்தால் பதம். ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முள்ளில் தானாகக் கழன்று விழுந்தால் மா கூட்டவேண்டும். ஐந்து நிமிடம் தண்ணீரில் கிடந்தும் கல்லாக இருந்தால் மா கூடிவிட்டது, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டுத் திரும்பப் பிசையுங்கள். திலாப்பியாவுக்குப் பயறளவு, கெண்டைக்குப் போளையளவு.

மீனைக் கூட்ட: தவிடு ஒரு கிலோ, புண்ணாக்கு கால் கிலோ, கரையிலேயே எடுத்த களிமண் இரண்டு கை. தோடம்பழமளவு உருண்டை பிடித்து ஆரம்பத்தில் இரண்டு, பிறகு அரைமணிக்கொன்று. கூடப் போட்டால் மீன் வயிறு நிரம்பி உங்கள் இரையைத் திரும்பிப் பார்க்காது.

திலாப்பியா: படிப்படியாக

1. ஆழம் பார்த்தல். முள்ளில் 10 கிராம் ஈயமொன்றைத் தற்காலிகமாகக் கொழுவி, போடப்போகும் இடத்தில் இறக்குங்கள். மிதவை மூழ்கினால் மேலே ஏற்றுங்கள், படுத்தால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழம். பிறகு மிதவையை 5 முதல் 10 சென்ரிமீற்றர் கீழே இறக்கினால் இரை தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். காற்றடித்து மிதவை ஓடினால் நேர்மாறு: ஒரு சாண் ஏற்றி இரையைத் தரையில் படுக்கவிடுங்கள்.

2. உருண்டையை எறிந்த இடத்திலேயே, காற்று வரும் பக்கமாக ஒரு மீற்றர் தள்ளிப் போடுங்கள். தண்ணீரில் அடிக்காமல் கீழ்க்கையால் ஊஞ்சலாட்டி விடுவது நல்லது. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் இடம் மாறுங்கள்.

3. மிதவை நடுங்கினால் தூக்கவேண்டாம். திலாப்பியா முதலில் இரையின் ஓரத்தைக் கடித்து இழுத்துப் பார்க்கும். நுனி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்போது, அல்லது சட்டென்று மேலே எழும்பும்போது, மணிக்கட்டால் சிறு வெட்டு, அதாவது தடியைச் சட்டென்று சுண்டி இழுப்பது. தோளால் இழுத்தால் மெல்லிய உதடு கிழிந்துவிடும்.

4. மூன்றுதரம் தொடர்ந்து தவறினால் இரையைப் பாதியாக்குங்கள். அதற்கும் தவறினால் முள்ளை 12ஆம் இலக்கத்துக்கு மாற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கொத்துவது விரல்நீளக் குஞ்சு. பத்து மீற்றர் தள்ளிப் போங்கள்.

5. கரைக்கு வந்த மீனை முதுகுமுள் மடங்கும்படி தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் பிடியுங்கள். எதிர்த்திசையில் பிடித்தவர் இரண்டாம்முறை அப்படிப் பிடிக்கமாட்டார்.

உள்ளங்கையளவு மீனைத் திரும்ப விடுங்கள். கை நனைத்துப் பிடித்து விட்டால் அதன் வழுவழுப்பு உரியாது, பிழைக்கும்.

விரால்

தாமரையும் ஒல்லியும் படர்ந்த ஓரங்களில், கொடிகளுக்கிடையே தண்ணீர் தெரியும் கண்களைத் தேடுங்கள். சில நிமிடத்துக்கொருதரம் 'பொளக்' என்று ஒரு மீன் வந்து காற்றுக் குடித்துப் போனால் அதுதான். கண்ணுக்கு நேரே போடவேண்டாம். இரண்டு மீற்றர் அப்பால் இலைமேல் தவளையை விழுத்தி, ஒரு சாண் ஒரு சாணாக இழுத்துக் கொண்டுவந்து, கண்ணில் நிறுத்தி, மூன்று எண்ணுங்கள்.

தண்ணீர் வெடிக்கும். அந்த நொடியில் எல்லாரும் தடியைத் தூக்குகிறார்கள், தவளை முகத்துக்கு வருகிறது. விரால் தவளையை அடித்துப் பிடித்து, பிறகுதான் உள்ளே திருப்பும். தடியைத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி, பாரம் கையில் தெரிந்ததும் முழுப்பலத்தோடு வெட்டுங்கள். பிறகு ஒரு கணமும் விடாமல் தலையைக் கொடிக்கு மேலே வைத்தே இழுத்துவாருங்கள். கீழே விட்டால் கொடிக்குள் முடிந்துவிடும். சரியாகக் காத்திருந்தும் தொடர்ந்து தவறினால் தவளையைப் பாருங்கள். முள்நுனிகள் ரப்பரோடு ஒட்டி இறுகியிருக்கும். குறடால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே விரியுங்கள்.

செம்மஞ்சள் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே கொதிப்பதைக் கண்டால் அடியில் தாய்தந்தை விரால் காவல் நிற்கிறது. தவளையைக் காட்டினால் நிச்சயம் அடிக்கும். அதனால்தான் அதைப் பிடிக்கக்கூடாது. காவல் போனால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை.

கெண்டை

இதில் பொறுமையைத் தவிர நுட்பம் குறைவு. பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் போட்டு, தடியைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து, ரீலை நன்றாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர்களின் தடிகள் குளத்தின் அடியில் இருக்கின்றன. கட்டின் கற்களில் நின்று பெரிய மீனை நூலால் தூக்க முடியாது. கல்லில் உரசி அறும். 2 மீற்றர் கைப்பிடியுள்ள கோருவலை வேண்டும், மீனின் தலைப்பக்கமாகக் கோரவேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை

முதலை: உலர்வலயக் குளமெதுவும் முதலைக்கு விலக்கில்லை. தண்ணீர் விளிம்பிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள். இடுப்பளவு இறங்கிக் கொழுவிய முள்ளைக் கழற்றப் போகவேண்டாம், நூலை வெட்டுங்கள். மீன் கழுவிய குடலை நிற்கும் இடத்தில் போட்டால் முதலையை அழைத்ததாகிவிடும். ஒரே இடத்தில் தினமும் ஒரே நேரத்தில் குந்தவும் வேண்டாம்.

யானை: ஹபரணை, மின்னேரியா, கந்தளாய் வீதிகளில் பொழுதுபடும் முன் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். 5.30க்குத் தூண்டில் சுருட்டவேண்டும். அந்த நேரத்தில்தான் நன்றாகக் கொத்தும் என்பது தெரியும், இருந்தாலும் சுருட்டுங்கள். யானைவேலியின் மின்கம்பிக்குப் பக்கத்தில் காபன் தடியைக் கொண்டுபோகக்கூடாது.

இடி: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகல் 2 மணிக்குப் பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். காபன் தடி மின்னைக் கடத்தும். திறந்த கட்டில் ஆக உயரமான பொருள் நீங்கள்தான். முதல் முழக்கம் கேட்டதும் தடியைப் படுக்கவைத்துவிட்டு வாகனத்துக்குள் போங்கள். மருதமரத்தின் கீழ் ஒதுங்குவது தவறு.

எலிக்காய்ச்சல்: காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கவேண்டாம். அடிக்கடி போகிறவர்கள் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். வந்து சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், குளத்துக்குப் போனதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அறுந்த தங்கூசித் துண்டுகளைக் கரையில் விடவேண்டாம். நீர்க்காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் போய்ச் சேரும்.

கொழும்புக்குக் கொண்டுவருதல்

பொலன்னறுவையிலிருந்து வெள்ளவத்தை 5, 6 மணித்தியாலம். மீனை வாளியில் துடிக்கவிட்டு வைத்திருந்தால் சதை தளரும். பிடித்ததும் கண்ணுக்கு மேலே தடியால் ஓர் அடி, செவுளில் ஒரு வெட்டு, இரத்தம் வடியட்டும். குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைக் கத்தியின் பின்புறத்தால் சுரண்டிவிடுங்கள். ரெஜிபோம் பெட்டியில் ஒரு படை ஐஸ், ஒரு படை மீன்; ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். மேல்படை எப்போதும் ஐஸாக இருக்கவேண்டும். உருகும் தண்ணீரில் மீன் ஊறாமல் அடியில் தட்டுப்பலகை வையுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பெட்டியைத் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றாவிட்டால் கொண்டக்டரிடம் பேச்சு வாங்கவேண்டிவரும்.

சேற்று மணத்துக்கு மீனைக் குறைசொல்லிப் பயனில்லை. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் தோலிலும் வயிற்றுக் கொழுப்பிலும் சேர்வதால் வருவது. தண்ணீர் ஆகப் பச்சையாக இருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மீனில் கூட இருக்கும். தோலை உரித்து, வயிற்றோரக் கொழுப்பை வெட்டி எறிந்தால் பாதி போய்விடும். மிச்சத்துக்குப் புளிப்பு: ஒரு கிலோ துண்டுக்கு இரண்டு தேசிக்காயின் சாறும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் பிரட்டி 20 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். கறிக்கென்றால் கொறுக்காய்ப்புளி நான்கு துண்டை ஊறவைத்து அரைத்துப் பூசினால் இன்னும் நல்லது. தேசிக்காயில் அரைமணிக்கு மேல் விட்டால் சதை வெளுத்து, சட்டியில் திருப்பும்போது உதிர்ந்துவிடும்.